லென்ஸை விடாத கேமரா

ஒரு ஃபிலிம் கேமராவும் அதன் லென்ஸும் இருபது வருஷமாகப் பிரியாமல் இருந்தன. ஃபிலிம் கிடைப்பது அரிதாகிப்போகவே, அவற்றின் சொந்தக்காரி லூர்துமேரி டிஜிட்டல் கேமரா வாங்கக் கிளம்பினாள். அந்த லென்ஸை விட அவளுக்கு மனசில்லை. கேமராவோடு கடைக்கு எடுத்துப்போய், லென்ஸ் பொருந்துகிற ஒன்றாகத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தாள்.

“வா, சேர்ந்து வேலை பார்ப்போம்” என்று லென்ஸைக் கூப்பிட்டது புதுக் கேமரா.

லென்ஸுக்கும் ஆசைதான். “விடேன், போறேன். வெளிச்சம் பார்த்து ரெண்டு மாசமாச்சு” என்றது பழைய கேமராவிடம்.

“ஓஹோ! பளபளன்னு ஒருத்தன் கூப்பிட்டதும் ஓடிருவியோ?”

பழைய கேமராவுக்கு வயிறு எரிந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி லென்ஸைக் கவ்விக்கொண்டது.

லூர்துமேரி திருகிப் பார்த்தாள். கடைக்காரரும் பார்த்தார். லென்ஸ் அசையவில்லை.

“இறுகிப்போச்சு மேடம். இன்னும் திருகினா உடைஞ்சிரும். வேற லென்ஸ் தர்றேன்” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் லூர்துமேரி பழைய லென்ஸுக்கு மூடி போட்டு, கேமராவோடு அலமாரியில் வைத்துவிட்டாள்.

“பார்த்தியா, உன்னை விட்டேனா?” என்றது கேமரா.

வெளியே கிளிக், கிளிக் என்று சத்தம் கேட்டது. கேமராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“அவன் அப்படி என்னத்தைத்தான் எடுக்கிறான்? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.”

“மூடிதான் தெரியுது” என்றது லென்ஸ்.