துணைக்கு வருபவர்

ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'துணைக்கு வருபவர்' என்ற கட்டத்தில் தன் பெயரைப் பார்த்ததும் விசில் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழிவாங்க இதைவிட நல்ல வழி ஓரகத்திக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வாந்தி அள்ள ஓர் ஆள், அதுவும் சம்பளம் இல்லாமல்!

"இதை யாரு எழுதினது, சிஸ்டர்?"

"பேஷண்ட்தான் சொன்னாங்க" என்று நர்ஸ் எதிர் பெஞ்சைக் காட்டினாள்.

பெஞ்சில் ஓரகத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரே வீட்டில் மேலே அவள், கீழே இவள். மொட்டைமாடிக் கொடியில் யார் துணி முதலில் காய்வது என்று ஆரம்பித்த சண்டையில் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருப்பவளுக்கு 'விசில்' என்று பெயர் வைத்துத் தெரு முழுக்கப் பரப்பியதும் அந்தப் புண்ணியவதிதான்.

"நாளை மறுநாள் கேன்சருக்கு முதல் மருந்து ஏத்தணும். மூணு வாரத்துக்கு ஒண்ணா ஆறு தடவை" என்றாள் நர்ஸ். "ஏற்கெனவே ஒரு மாசம் வீணாப் போச்சு. இனிமே ஒண்ணு தவறினாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெண்கள் வார்டு, கூட ஒரே ஒரு பொம்பளை ஆள்தான். நடுவுல மாத்த முடியாது."

அந்த ஒரு மாதம் போன கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சதை எடுத்துப் பார்க்கும் ஊசியைக் கண்டு ஓரகத்தி அழுதிருக்கிறாள். அது பொறுக்காமல் அவளுடைய தங்கை ஆட்டோ பிடித்து வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள். அந்தத் தங்கைதான் இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கூடப் பொறந்தவ பக்கத்துலயே இருக்கறப்ப என் பேரு எதுக்காம்? கேளுங்க சிஸ்டர்."

"ஏன், துரைசானிக்கு அப்படி என்ன தலைபோற வேலையாம்? சின்னப் பிள்ளைங்களை வெயில்ல விரட்டறதுதானே? கேளுங்க சிஸ்டர்" என்றது சுவரைப் பார்த்த முகம்.

"ஆமா, விரட்டறவதான். கால் வலின்னு கண்ணைக் கசக்கினாலும் மிச்ச ரவுண்டை ஓடி முடிக்க வைக்கறவ. அப்படிப்பட்டவ வந்து இவங்க நெத்தியத் தடவிக் குடுப்பேன்னு கனவு கண்டாங்களாமா?"

"அந்தக் கை பட்டா நெத்தியே தேஞ்சு போயிடும்னு சொல்லுங்க!"

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி நர்ஸுக்குக் கழுத்து வலித்தது. தங்கை பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். "நான் வரேன்க்கா. உன்னை உள்ளங்கையில வெச்சுத் தாங்கறேன். இவங்ககிட்ட மாட்டினா உன்னைப் படுத்தியே எடுத்துடுவாங்க."

"அப்பாடா! என் பேரை அடிச்சிட்டு அவ பேரை எழுதுங்க, சிஸ்டர்" என்று விசில் கைப்பையை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. மூன்று மணிக்குள் மைதானத்துக்குப் போய்விடலாம்.

நர்ஸ் பேனாவைத் திறந்தாள். சட்டென்று ஒரு கை நீண்டு படிவத்தைப் பிடித்துக்கொண்டது. ஓரகத்தியின் கை.

"அடிக்காதீங்க. அந்த விசில் பேரே இருக்கட்டும்."

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "உயிரையே விடற தங்கச்சி இருக்கறப்ப, ஆகாதவங்க எதுக்கும்மா?"

ஓரகத்தி திரும்பி விசிலை முறைத்தாள். மூன்று வருடக் கோபத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை.

"நான் அழுதா, இவ என்னை வீட்டுக்கு விடமாட்டா சிஸ்டர்."