ஞாயிற்றுக்கிழமைக் காது

ஞாயிறுதோறும் வெளியூரிலிருந்து வரும் அண்ணனின் போனுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து அப்பா காதுக்கருவியைச் சுத்தம் செய்கிறார். சின்ன பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டி, மெல்லிய துணியால் துடைத்து, காதில் பொருத்திக்கொள்கிறார். "மாப்பிள்ளை அலங்காரம் தோத்துது போ," என்கிறாள் அம்மா. மற்ற ஆறு நாளும் அது டப்பாவில்தான் இருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறாராம். அந்தப் பேட்டரியோ, மேலே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிரித்துக் காற்று பட்டுவிட்டால், கருவியைப் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சொன்னபோதெல்லாம் கருவி டப்பாவில் இருந்தது. இப்போது போனில் அண்ணன் ஏதோ சொல்ல, அப்பா தோள் குலுங்கச் சிரிக்கிறார். எதிரே உட்கார்ந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு முடிகிறது. அவர் விரல்கள் காதுக்குப் போகின்றன. "கழட்டாதீங்கப்பா," என்கிறேன், கத்தாமல், என் வழக்கமான குரலில். கை அப்படியே நிற்கிறது. "உன் குரல் இவ்வளவு மெல்லிசாம்மா?" என்கிறார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். "இன்னும் ஏதாவது பேசேன்." வாரமெல்லாம் சேர்த்து வைத்திருந்ததில், முதலில் அந்தப் பேட்டரி ஸ்டிக்கர் விஷயத்தை எடுக்கிறேன்.