கொழுப்பில்லாத துண்டு

அறுபத்தெட்டு. நதா தராசிலிருந்து இறங்கி, தலையில் கிடந்த ஷோலைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி ஏறினாள். அப்போதும் அறுபத்தெட்டுத்தான்.

கீரைக்கட்டு கொண்டுவந்த பக்கத்து வீட்டு றலியா மாமி வாசலிலேயே நின்று சிரித்தாள். "ஷோல் எத்தன கிலோ மகள்? மாப்புள வீட்டாக்கள் தராசும் கொண்டா வாற?"

"நாங்கதான் போற மாமி. திங்கக்கெழம, கொழும்புக்கு."

"பொண்ணத் தூக்கிட்டு நாங்க போறதா! நல்ல காலம்தான். அதுக்குள்ள இன்னம் கொஞ்சம் வாயக் கட்டு."

மெலியாத பெண்ணுக்கு ஊர் எழுதிக் கொடுக்கும் ஒரே மருந்து அது. நதா பல்லைக் கடித்துக்கொண்டாள், வேலைக்கு நேரமாகிவிட்டது.

கொழும்பில் முகத்துக்கு நேரேதான் சொல்லியிருந்தார்கள். இந்த உடம்போடு சரிவராது, ஆறு கிலோ குறைய வேண்டும். வெளியே தெரிகிற கொழுப்பல்ல, உள்ளே இருப்பதுதான் பிரச்சினை. திங்கட்கிழமை பார்ப்பார்கள், குறையாவிட்டால் அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து ஐந்து வாரமாக அவள் இரவில் சோறு தொட்டதில்லை. ஃபோனில் பார்த்துப் பழகிய சீனப் பக்குவத்து ஸ்டேக்தான். அக்குறணைக் கடையில் கொழுப்பை முழுக்கச் சீவி எடுத்த மாட்டிறைச்சித் துண்டு, சோயா சோஸ், இஞ்சி, உள்ளி, மிளகு. பக்கத்தில் போஞ்சியும் கரட்டும் கொஞ்சம் புரக்கோலியும். காலையில் ஊறவைத்துவிட்டுப் போவாள். அவள் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்துக்கு உம்மா சுட்டு வைப்பாள்.

"எத்தன எண்ண ஊத்துற உம்மா?"

"ஒரு தேக்கரண்டி." உம்மு குல்சும் கீரையை ஆய்ந்தபடி சொன்னாள்.

"உம்மா!"

"சரி, அரத் தேக்கரண்டி. போ நீ, பஸ் போயிரும்."

உள்ளறையிலிருந்து வாப்பா தண்ணீர் கேட்டார். நதா கொண்டுபோய்க் கொடுத்தாள். முஹ்ஸின் எழும்பி உட்காரவே சிரமப்பட்டார். மஞ்சள் பூத்த கண்களை உயர்த்தி, "இன்டைக்கு எத்தன மகள்?" என்று கேட்டார்.

"கொறயிது வாப்பா."

பொய். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். இருந்து படித்தால் எதையும் பாஸ் பண்ணலாம் என்று நம்புகிறவள். இந்தத் தராசு மட்டும் வாரா வாரம் அவளை ஃபெயிலாக்கியது.

அன்று கந்தோரில் கரண்ட் இல்லை. மூன்று மணிக்கே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். முன்கதவு பூட்டியிருந்ததால் நதா பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். குசினி வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

தாச்சியில் இறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. உம்மா ஒரு சின்னச் சட்டியிலிருந்து உருக்கிய எதையோ அகப்பையால் அள்ளி, அதன்மேல் ஊற்றினாள். மரக்கறிக்கும் ஊற்றினாள். பிறகு இறைச்சியைப் பிரட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினாள்.

"எனத்த உம்மா அது?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. உம்மா திரும்பவில்லை.

"மாட்டுக் கொழுப்பு."

"கடையில சீவிப் போடச் சென்னதையா?"

"அதத்தான். பொறகு நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்த."

"எத்தன நாளா?"

"மொத நாள்ளருந்தே."

நதா கைப்பையைத் தரையில் போட்டாள். "அஞ்சு வாரம் உம்மா! பசியோட படுத்தன். பஸ்ஸுக்குக் குடுக்கிறத்துக்குச் சல்லி வெச்சிக்கிட்டே ரெண்டு பஸ் ஹோல்ட் தூரம் நடந்தன். எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லண்டு என்னையே ஏசினன். நீங்க இங்க இருந்து சட்டி சட்டியா ஊத்தியீக்கிறீங்க!"

"சத்தம் போடாத. வாப்பா தூங்குறாரு."

"திங்கக்கெழம கொறயாட்டி இனிக் கூப்புட மாட்டாங்க. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சிட்டா செஞ்ச?"

"தெரிஞ்சதாலதான் செஞ்ச."

இந்த வீட்டில் நதாவைக் கெம்பஸுக்கு அனுப்பச் சொல்லி எல்லோரோடும் மல்லுக்கு நின்றது இந்த உம்மாதான். அவளுடைய எந்த முடிவுக்கும் இதுவரை குறுக்கே நின்றதில்லை.

"வாப்பா காலைலயும் கேட்டாரு. அவரிட்ட நான் எனத்தச் செல்ல?"

உம்மு குல்சும் அடுப்பை அணைத்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ள துக்கமா இத்தா இருந்துட்டு நான் எழும்பிருவன். அவருக்கு வெக்க ஒன்ட ஈரல்ல பாதிய வெட்ட உடமாட்டன், மகள்."