புள்ளிமானின் உயரம்

செருப்பைக் கழற்றியதும் அவள் குறைந்துபோனாள்.

நாலு விரல் உயரம்.

கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் பெண் பார்க்கும் ஏற்பாடு. அதற்கென்றே குதி உயர்ந்த செருப்பு வாங்கித் தந்த அம்மாவுக்கு, பழைய கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயில் வாசலில் அதைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும் நினைவில் இல்லை. என்ன கெட்டித்தனம்.

கனடாவிலிருந்து வந்த ஜெயரூபன் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அவன் தாய் அவளது பாதங்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவுக்கு வியர்த்தது. இதையும் விட்டால் இனி ஒரு சம்பந்தமும் வராது என்று ஒரு மாதமாக ஓதிக்கொண்டிருந்தவள் அவள்.

பூசை முடிந்து வெளியே வந்தார்கள்.

கோட்டைக்குள் திரியும் மான்களில் ஓர் ஆண்மான் மரத்தடியில் நின்றது. தோள் அவள் இடுப்பளவுதான். செம்மண் நிற உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடின. முதுகோடு ஒரு கறுப்புக் கோடு. தொண்டை வெள்ளை. கொம்பில் பக்கத்துக்கு மூன்று கிளை.

"இதுவோ மான்? அங்க கனடாவில எங்கட வீட்டு வளவுக்க வாறது இதைவிட ரெண்டு மடங்கு."

கையைத் தாழ்த்தி உயரத்தை அளந்து காட்டினான். காட்டும்போது மானைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

அவன் தாய் சிரித்தாள்.

பெண் பார்க்க வந்தவனை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

உயரம்தான். பனை உயரம், நிழலுக்கும் உதவாது. கழுத்தைக் காணோம். சட்டைப் பொத்தான்கள் வயிற்றோடு மல்லுக்கட்டின. வெறுங்காலில் நிலம் சுட, கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தான்.

இதுவோ மாப்பிள்ளை.

அம்மா செருப்பை அவள் காலருகே தள்ளினாள். அருச்சனைத் தட்டையும் கையில் கொடுத்தாள். பெண்ணுக்குச் சம்மதமென்றால் பழத்தை மாப்பிள்ளை கையில் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"தம்பிக்குக் குடு பிள்ளை."

குரல் கெஞ்சியது.

அவள் பழத்தை எடுத்தாள். மரத்தடிக்கு நடந்தாள்.

மான் தலையைத் தூக்கியது. கொம்பு அவள் தலைக்கு மேலே போயிற்று.

"இஞ்சத்த மான் இவ்வளவுதான்," என்றாள், திரும்பாமல்.

அது பழத்தைத் தோலோடு தின்றது.

அவள் வெறுங்காலோடு கோட்டைச் சரிவில் இறங்கினாள். கொஞ்சத் தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள்.

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளும் வெறுங்காலோடு.