சுவரில் இருந்த பேர்

"நினைவிடத்துல அரை மணி நேரம்தான் அப்பா, அப்புறம் பீச்" என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியும், போரில் இறந்தவர்களின் பேர் செதுக்கிய சுவரைவிட்டுப் பெரியவர் நகரவே இல்லை. வருஷா வருஷம் இதே கூத்துதான். அதே நண்பனின் பேர், அதே அழுகை.

கடற்கரை மணலில் கால் நீட்டிக்கொண்டு மருமகள் கேட்டாள்.

"பாவம் மாமா உங்க ஃப்ரெண்டு, அவர் வீட்டு ஆளுங்க யாருமே வர்றதில்லையா?"

"நாமதான் வர்றோமேம்மா. சுவர்ல இருக்கறது என் பேர்."

படுத்திருந்த மகன் எழுந்து உட்கார்ந்தான்.

"செத்தது அவன். ஊர் திரும்ப உத்தரவு வந்திருந்ததும் அவனுக்குத்தான். கழுத்துல கிடந்த பேர்த்தகட்டை மாத்திப் போட்டுக்கிட்டு நான் வந்துட்டேன்."

"அப்ப என் இனிஷியல்?"

"அவனோடது. உன் பேரும்தான். பையன் பொறந்தா வைக்கணும்னு ஆசையா சொல்லிக்கிட்டிருந்தான்."