ரெண்டு நூல் கீழே

மூன்றாவது தடவையும் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது.

சோலைமலை பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்தான். கராஜ் வாசலில் டயர் இழுபட்ட மூன்று கறுப்புக் கோடுகள் கிடந்தன.

மெக்கானிக் பைஸர் நாநா ஸ்பேனரோடு மறுபடி குனிந்தார். பெடலுக்கு அடியில் இருக்கும் சின்ன போல்ட்டைத் திருகினால் பெடல் உயரும், தாழும். கந்தப்பளையில் எத்தனையோ பேருக்கு அதை ஒரே தடவையில் பாதத்துக்கு அளவாக வைத்துக் கொடுத்தவர் அவர்.

இந்தப் பாதத்துக்கு விரல்கள் இல்லை.

சீனி வியாதி. இரண்டு மாதத்துக்கு முன் நுவரெலியாவில் வலது காலின் ஐந்து விரல்களையும் எடுத்துவிட்டார்கள். காயம் ஆறி, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான்.

மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகப் பாண் ரொட்டி விற்பதுதான் அவன் பிழைப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது கால்வலியைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது. பக்கத்து வீட்டு மாயாண்டி அண்ணன் நம் வண்டியில் பாண் எடுத்துப்போகிறார் என்று மனைவி லோஜினி வந்து சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது.

இன்று காலை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். முதல் வளைவிலேயே பெடல் காலுக்கு அகப்படவில்லை. பயத்தில் கைப் பிரேக்கை இறுக்கினான். சரளையில் முன் சக்கரம் வழுக்கி, இருவரும் தேயிலைச் செடிக்குள் சாய்ந்தார்கள்.

பெடலைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னான். அவள் விழுந்த வண்டியை நிமிர்த்தினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே இங்கே வந்தார்கள். அவள் முழங்கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

"இப்ப பாருங்க தம்பி."

சோலைமலை நடுப்பாதத்தால் மிதித்தான். எவ்வளவு அமுக்குகிறோம் என்றே தெரியவில்லை. ஒன்று, பிரேக் பிடிக்கவில்லை. இல்லாவிட்டால் ஒரேயடியாகப் பிடித்தது. சப்பாத்தின் முனையில் வெறும் பஞ்சுதான் இருந்தது.

பைஸர் நாநா எழுந்து நின்று கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சோலைமலை மெதுவாக வண்டியிலிருந்து இறங்கினான்.

"இவளுக்கு அளவா வச்சுக் குடுங்க நாநா. கொஞ்சம் கொஞ்சமா ஓட்டப் பழகிக்கட்டும்."

நிறைந்த பெட்டியோடு அந்த இறக்கங்களில் அவள் எப்படி வருவாள்? பழக எத்தனை மாதமாகும்? அதுவரை மாயாண்டி அண்ணனையே நம்பியிருக்க முடியுமா?

லோஜினி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். பைஸர் நாநா அவள் காலருகே குத்துக்காலிட்டார்.

"தங்கச்சி, மொதல்ல இந்தக் கம்பியில காலை வச்சு..."

"முன்ன இருந்தத விட ரெண்டு நூல் எறக்குங்க நாநா, கால் அங்குலம் போதும்," என்றாள் லோஜினி. "பாண் பெட்டியோட எறக்கத்துல வர்றப்ப கணுக்கால் கடுக்குது."

பைஸர் நாநாவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

சோலைமலை அவள் பாதத்தைப் பார்த்தான். குதிகால் கம்பியில் இருக்க, முன்பாதம் பெடலைத் தொடாமல் அதற்கு மேலே காத்திருந்தது. நேற்று இன்று பழகிய கால் இல்லை அது.

"மாயாண்டி அண்ணன்?"

"அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

பைஸர் நாநா சிரிப்பை அடக்கிக்கொண்டு போல்ட்டைத் திருகினார். லோஜினி ஒரு முறை மிதித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

சோலைமலை பின்னால் ஏறினான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். வண்டி ரோட்டுக்கு வந்து, முதல் இறக்கத்தில் அலுங்காமல் வேகம் குறைந்தபோதுதான் கேட்டான்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேரும் விழுந்திருக்க மாட்டோம்ல?"

அவள் திரும்பவில்லை.

"வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியத்தானே கேட்டீங்க," என்றாள். "எப்படிங்க குடுக்காம இருக்கிறது?"