சருகுக் குவியல்

அணிலுக்குப் பொழுதுபோக்கே நார் பின்னுவதுதான். பறவைக் கூடுகளின் மேல் மாட்டிக்கொள்ளும்படி தேங்காய் நாரில் மழைக்கூரை பின்னி, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தது. கூரை பிடித்திருந்தால் அணில் வீட்டு மரத்தடியில் பச்சை இலை வைப்பார்கள்; பிடிக்காவிட்டால் சருகு.

புதிதாகக் குடிவந்த புறா அங்கே பார்த்தபோது அத்தனையும் சருகு. "இவ்வளவு பேரு குறை சொல்லியிருக்காங்களே!" என்று தயங்கியது. ஆனாலும் குஞ்சுகள் நனைகின்றனவே என்று ஒரு கூரை வாங்கிப் போனது. அன்று கொட்டிய மழையில் கூட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. விடிந்ததும் பறந்து வந்து, நுனி கிழிந்த பச்சைப்பசேலென்ற மாவிலை ஒன்றை வைத்துவிட்டுப் போனது.

பிறகு ஒரு வாரம் நல்ல வெயில். தங்கைக்கும் ஒன்று கேட்கப் புறா வந்தபோது, மழை விட்டதுமே வழக்கம்போல் நாள்கணக்கில் நார் பொறுக்கப் போயிருந்த அணில் அப்போதுதான் திரும்பியிருந்தது. பாதி பின்னிய கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"இனிமே பின்னலைக்கா. நீங்களே பாருங்க, ஒருத்தருக்கும் பிடிக்கலை."

புறா குவியலைக் கிளறியது. நுனி கிழிந்த அந்த மாவிலையும் மொரமொரவென்று காய்ந்து கிடந்தது.

"அட அசடே, இது நான் வச்சது. வைக்கும்போது பச்சையாத்தான் இருந்துச்சு."

அணில் குவியலிலிருந்து இன்னொரு சருகை எடுத்துத் திருப்பிப் பார்த்தது. பிறகு, பிரித்த நாரை வாரி மடியில் போட்டுக்கொண்டது.

"உங்க தங்கச்சி கூடு எவ்வளவு அகலம்க்கா?"